ராசமலர் திறக்காத பக்கம்

"மூண்டாம் பிரிவு, ரெண்டாம் உட்பிரிவு" என்று உரக்க வாசித்தபடி ராசமலர் கணினித் திரையில் வைத்திருக்கும் பிளாஸ்ரிக் அடிமட்டத்தை ஒரு வரி கீழே இறக்குகிறார். போட்டோப் பிரதி எடுக்க வந்த நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவர் தொண்டையைச் செருமிப் பார்க்கிறார். பலனில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ. இவன் என்ன கேக்கிறான் எண்டு பாத்திட்டு வாறன்."

'இவன்' என்பது கடலுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஒரு மென்பொருள் கம்பனி. புதிய மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது ஆங்கிலத்தில் நீளமாக ஓர் ஒப்பந்தம் வருமே, அடியில் 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானோடு? நீங்களும் நானும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிற அந்தப் பொத்தானை, முழுவதையும் வாசிக்காமல் ராசமலர் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. பிடிக்காத பிரிவு வந்தால் அந்தக் கம்பனியோடு நேருக்கு நேர் சண்டை பிடிப்பார். "நாளைக்கு நீ கடையைப் பூட்டிப்போட்டுப் போனா நான் ஆரிட்டப் போறது? அதுக்கு ஒரு சொல்லும் எழுதேல்ல, பாருங்கோ!" என்று வரிசையில் நிற்பவர்களிடம் முறையிடுவார். அவர்களும், பாவம், தலையை ஆட்டுவார்கள்.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், வலைக்கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்தக் கணினி நிலையம். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும், மற்றது அழகுக்கு. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் வந்து திரியும் புள்ளிமான்களில் ஒன்று தினமும் பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்கும். பழுதான பிரதிகளைக் கடதாசிக் கூடையிலிருந்து இழுத்துத் தின்னும். ராசமலர் குடையைத் தூக்கி அதட்டுவார். மான் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மென்றுகொண்டே இருக்கும். உலகத்தில் அவர் சொல்லுக்கு அடங்காதவை அந்த மானும் அன்ஸாரும் மட்டும்தான்.

அன்ஸார் கிண்ணியாக்காரர், நிலையத்தின் மற்றப் பங்காளர். கணினி வாங்கி விற்பது, திருத்துவது, வாடிக்கையாளரைச் சிரிக்க வைப்பது அவர் பொறுப்பு. மென்பொருள் எழுதுவது ராசமலர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சண்டை பிடிப்பார்கள். பதினோராவது தடவை பால் விடாத பிளேன்ரீ குடிப்பார்கள்.

ராசமலருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய உடம்பு, கனத்த குரல். இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார். ஒன்று திரைக்கு, மற்றது மனிதர்களுக்கு. இந்த வாசிப்பு வியாதி எங்கிருந்து வந்தது என்று, அந்த வரிசையில் நின்று நின்றே பழக்கமான நான் ஒருநாள் கேட்டேன். வெருகலுக்கு இங்காலே இலங்கைத்துறையில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே நகரத்துக்கு வந்து, ஒரு நொத்தாரிசின் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். காணி உறுதிப் பத்திரம் எழுதினால், கையெழுத்து வைக்கிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டி விளங்கப்படுத்த வேண்டும் என்பது சட்டம். நொத்தாரிசுக்கு வாசிக்கப் பஞ்சி. ஆகவே ராசமலர் வாசித்தார். வருடக்கணக்காக, வடக்கெல்லை தெற்கெல்லை கிணறு தென்னை எல்லாவற்றையும் வாசித்தார். நொத்தாரிசு போருக்குப் பயந்து வெளிநாடு போனபோது மேசையில் இருந்த கணினியை இவருக்கு விட்டுப் போனார். அதைத் தட்டித் தட்டியே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

"அது பெரிய வித்தையில்லை" என்கிறார். "உறுதி எழுதுற மாதிரித்தான். இவர் இன்னது செய்தால் அவர் இன்னது செய்யக் கடவர். ஒரு சொல் பிசகினா ரெண்டிலயும் வழக்குத்தான்."

இந்த மனுஷியின் வாசிப்பு வியாதியால் ஓர் ஐஸ் ஆலை வந்த கதையைத்தான் சொல்ல உட்கார்ந்தேன். வராமல் போகப் பார்த்த கதை என்றும் சொல்லலாம்.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூரில் மீனவர் சங்கமொன்று இருக்கிறது. கட்டைபறிச்சானிலிருந்து இலங்கைத்துறை வரைக்கும் தமிழரும் முஸ்லிம்களும் அதில் அங்கத்தவர்கள். இந்த வருடம் மூதூரில் கலகம் மூண்டு, இரு பக்கத்தாரும் ஆளையாள் பார்க்காமல் கடைகள் பூட்டிக் கிடந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் சங்கத்தின் தராசு ஒன்றாகத்தான் இருந்தது என்பதை நான் பெருமையோடு எழுதுகிறேன். அவர்களுடைய ஒரே கவலை ஐஸ். ஐஸ் இல்லாததால், காலையில் பிடித்த மீனை வெயில் ஏறுமுன் வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். சமாதானம் வந்துவிட்டதென்று பேப்பரில் எழுதுகிறார்கள் அல்லவா, அதை நம்பி வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று வந்தது. ஐஸ் ஆலை போட்டுத் தருவதாகச் சொன்னது. ஆனால் சங்கத்தின் கணக்கெல்லாம் கணினியில் இருக்க வேண்டும், அந்தக் கணினியில் களவாகப் பிரதி பண்ணிய மென்பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றது. கணக்காய்வாளர் வந்து பார்த்துச் சரியென்றால்தான் ஆலை.

திருகோணமலையில் களவுப் பிரதி இல்லாத கணினி தேடுவது மீன்சந்தையில் மல்லிகைப்பூ தேடுகிற மாதிரி. சங்கத்து மனேஜர் அபூதாஹிர் விசாரித்துப் பார்த்தபோது எல்லோரும் ஒரே கடையைக் கைகாட்டினார்கள்.

ராசமலர் மூன்று மாதம் இருந்து சங்கத்துக் கணக்கு மென்பொருளை எழுதினார். மீன் நிறை, டீசல், வலைக்கடன் எல்லாம் தமிழில். பிரச்சினை சேர்வரில் வந்தது. சேர்வர் என்பது சங்கத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் பக்கங்களை எடுத்துக் காட்டும் மென்பொருள். ஒரு பக்கத்தை ஒருவர் முதன்முதலாகத் திறக்கும்போது அது அந்தப் பக்கத்துக்கு ஓர் அச்சு வெட்டிக்கொள்ளும். பிறகு வருகிறவர்களுக்கு எல்லாம் அதே அச்சுத்தான். அச்சு வெட்டும் உளிக்குப் பெயர் கொம்பைலர். உளி இல்லாவிட்டால், ஏற்கெனவே வெட்டிய அச்செல்லாம் ஓடும். வெட்டாதது ஓடாது. அன்ஸார் எனக்கு இதை அரைமணி நேரம் விளக்கித் தோற்றார். ராசமலர் இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்திவிட்டார்.

கொம்பைலரை விற்கும் கம்பனியின் ஒப்பந்தத்தை அடிமட்டம் வைத்து வாசித்தபோது அவர் புருவம் ஏறியது.

"ஓட்டுறதுக்கு வேண்டியதை எங்கட சாமானோட சேத்துக் குடுக்கலாமாம். கொம்பைலரைச் சேத்துக் குடுக்கேலாதாம். வேணுமெண்டவர் தானே இணையத்துக்குப் போய், தானே சம்மதிச்சு, தானே இறக்க வேணுமாம். வீட்டை வாடகைக்குத் தாறன், கிணத்து வாளியைத் தரமாட்டன் எண்டுறான்."

மூதூரில் இணையம் என்பது தபால் கந்தோருக்குப் போகும் ஒரு கம்பி. மழை பெய்தால் அதுவும் படுத்துவிடும். அவ்வளவு பெரிய கொம்பைலரை அதில் இறக்குவதென்றால் கடலை அகப்பையால் அள்ளுகிற வேலை.

"அக்கா, சீடியில போட்டுக் குடுப்பம்" என்றார் அன்ஸார். "அமெரிக்காவில இருந்து மூதூருக்கு ஆரு லோஞ்சு ஏறி வந்து பாக்கப் போறா?"

"ஆரும் வராட்டியும் எழுதினது எழுதினதுதானே, அன்ஸார்."

வேறொரு கொம்பைலரும் இருந்தது. எழுதியவர்கள் தாராள மனசுக்காரர்கள். யாரும் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் உரிமப் பத்திரத்தையும் முழுதாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ராசமலருக்கு அந்தப் பத்திரம் மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு தடவை வாசித்தார். ஆனால் சங்கத்துக்குக் கிடைத்த கணினி கிழட்டுக் கணினி. அதிலே சேர்வரோடு கொம்பைலரும் நிரந்தரமாகக் குடியிருந்தால் மத்தியானத்துக்குள் நினைவகம் நிறைந்துவிடும். "ஆட்டை முழுங்கின மலைப்பாம்பு மாதிரிக் கெடக்குது அக்கா" என்று அன்ஸார் அறிக்கை கொடுத்தார்.

கடைசியில் ராசமலர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாப் பக்கங்களையும் திருகோணமலையிலேயே ஒருமுறை திறந்து அச்சுகளை வெட்டிவிடுவது. மூதூருக்கு அச்சுகள் மட்டும் போகும், உளி போகாது. கம்பனிக்காரனோடும் வழக்கில்லை, கிழட்டுக் கணினிக்கும் பாரமில்லை. ஒரேயொரு வில்லங்கம், பிறகு எழுத்தொன்றை மாற்ற வேண்டுமென்றாலும் ராசமலரே லோஞ்சுப் படகு ஏறிப் போக வேண்டும். அபூதாஹிருக்குத் தொலைபேசியில் அதையும் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டார். "வாங்க புள்ள, பாரக்குட்டிக் கறியோட சோறு தாறம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து சம்மதம் வந்தது.

ஒரு பின்னேரம் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திறந்தார்கள். நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அறுபது எழுபது பக்கம் இருக்கும். கடைசியில் ஒன்று மிஞ்சியது. கடலில் இறந்த அங்கத்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பனவு. அதைத் திறப்பதற்கு அங்கத்தவர் பட்டியலில் ஒரு பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும். பட்டியலில் இருந்தவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்கள், அன்று காலையும் கடலுக்குப் போனவர்கள்.

அன்ஸார் கையை எடுத்துவிட்டார். "மௌத்துப் பக்கம். நான் தொட மாட்டன்."

"ஏதாவது பொய்ப் பேர் ஒண்டு போடும்."

"எந்தப் பேரைப் போட்டாலும் அந்தப் பேரில மூதூரில ஒரு மனிசன் இருப்பான் அக்கா."

ராசமலர் திரையைப் பார்த்தார். அடிமட்டத்தைப் பார்த்தார். ஒரு வரி விடாமல் வாசிக்கிற அந்த மனுஷி, "விடும். மற்றதெல்லாம் ஓடுது, உதுவும் ஓடும்" என்று கணினியை அணைத்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடலுக்குப் போன மனிதனின் பெயரில் விளையாடுகிற துணிவு எங்கள் கரையில் எவனுக்கும் கிடையாது.

கணக்காய்வு நாளன்று நாங்கள் மூவரும் லோஞ்சில் போனோம். குடா நடுவில் ராசமலர் இரண்டு தடவை வாந்தியெடுத்தார். இலங்கைத்துறைப் பிள்ளைக்குக் கடல் ஒத்துவராதென்று அன்ஸார் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார். இறங்குதுறையில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் சீடிகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை போலும், போகச் சொன்னார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த கணக்காய்வாளர் திருமதி பாக்கியரத்தினம் சிரிக்கத் தெரியாதவர் அல்ல, வேலை நேரத்தில் சிரிக்காதவர். கணினியில் இருந்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் அனுமதி எங்கே என்று கேட்டார். ராசமலர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடைசியில் கணக்காய்வாளரே களைத்து, "போதும், நம்புறேன்" என்றார். கந்தோர் நிறைய அங்கத்தவர்கள் நின்றார்கள். அபூதாஹிர் எல்லாருக்கும் பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்த அம்மா கேட்டார். "மரணக் கொடுப்பனவுப் பக்கத்தைக் காட்டுங்க. உயிரோட இருக்கிறவங்களைக் கடதாசியில சாகடிச்சுக் காசெடுத்த சங்கங்கள் எத்தனையோ கண்டிருக்கேன்."

பட்டியல் வந்தது. அவரே மவுசை வாங்கி, முதலில் இருந்த பெயரை அழுத்தினார். இலங்கைத்துறைச் செல்லத்தம்பி. மனுஷன் அவருடைய கதிரைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "ஐயோ பிள்ளை!" என்று அவர் கத்துவதற்குள் திரை வெள்ளையாகி, கொம்பைலரைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் நாலு வரி வந்து நின்றது.

கந்தோரில் ஒரே ஆரவாரம். "பாத்தியளோ, கொம்பியூட்டருக்கே மனம் வரேல்ல!" என்று செல்லத்தம்பி கையைத் தட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முதுகில் அடித்துச் சந்தோஷப்பட்டார்கள். ராசமலர் மட்டும் சுவரோடு சாய்ந்து நின்றார். வெட்டாமல் விட்ட அச்சு எதுவென்று அவருக்குத் தெரியும்.

"இது முக்கியமான பக்கம்" என்றார் திருமதி பாக்கியரத்தினம். "நான் கடைசி லோஞ்சில போகணும். அதுக்குள்ள இது ஓடலைன்னா, ஓடலைன்னுதான் எழுதுவேன். ஆலையை வேற ஊருக்குக் குடுத்திடுவாங்க."

சிரிப்பு நின்றது. அபூதாஹிர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

அன்ஸார் மெல்ல வந்து ராசமலரின் காதருகே குனிந்தார். அவருடைய சேர்ட்டுப் பொக்கற்றில் ஒரு சீடி தெரிந்தது. "கம்பனிட கொம்பைலர் அக்கா. ரெண்டு நிமிசம். அந்த அம்மா வெளியில போகேக்க போட்டிருவம்."

"உம்மட பொக்கற்றில இருக்கட்டும்" என்றார் ராசமலர். "நீர் சம்மதிச்சு எடுத்தது உமக்கு. இவைக்குக் குடுக்க எங்களுக்கு உரித்தில்லை."

பிறகு தன் பையைத் திறந்து, தள்ளிவைத்த அந்தத் தாராள மனசுக்காரரின் கொம்பைலரை எடுத்தார். ஒரு பக்கத்துக்கு அச்சு வெட்டுகிற அளவுக்குக் கிழட்டுக் கணினி தாங்கும், வெட்டியதும் எடுத்துவிடலாம். ஆனால் அவர் அதை உடனே போட்டாரா என்றால், இல்லை. லோஞ்சுக்கு நேரமாகிறதென்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அபூதாஹிரை எதிரே இருத்தி, உரிமப் பத்திரத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி முழுதாக வாசித்துக் காட்டினார். அங்கத்தவர்கள் உறுதி கேட்கிற பக்தியோடு நிலத்தில் குந்தியிருந்து கேட்டார்கள்.

"எல்லாம் சரி பிள்ளை" என்றார் செல்லத்தம்பி. "இதுக்கு வடக்கெல்லை ஆர்?"

திருமதி பாக்கியரத்தினம் வேலை நேரத்தில் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

கொம்பைலர் ஏறியது. இனி ஒரு பெயரைத் தெரிவுசெய்து பக்கத்தைத் திறக்க வேண்டும். பட்டியல் திரையில் நின்றது. கணக்காய்வாளர் மவுசை நீட்டினார்.

"என்ர பேரில வேண்டாம். ஒருக்காத் தப்பினனான்" என்று செல்லத்தம்பி கதவடிக்குப் போய்விட்டார். மற்றவர்களும் கண்ணைக் கீழே போட்டார்கள். ஐஸ் எல்லாருக்கும் வேண்டும். பெயர் கொடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வீட்டில் பெண்சாதி பிள்ளை இருக்கிறது, விடிய எழும்பினால் கடல். அபூதாஹிர் தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்; அவருடைய மகன் பின்னாலிருந்து அவர் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தது எனக்குத் தெரிந்தது.

"மனேஜர் ஐயா" என்றார் ராசமலர். "என்னை அங்கத்தவராச் சேருங்கோ."

"கடலுக்குப் போறவங்களைத்தானே புள்ள சேக்கலாம்."

"காலமை நான் பட்ட பாட்டை அன்ஸாரிட்டக் கேளுங்கோ. உங்கட ஆக்கள் ஆரும் அவ்வளவு கடலைக் கண்டிருக்க மாட்டினம்."

கணக்காய்வாளர் பரீட்சைக்கென்று அனுமதித்தார். ராசமலர் உட்கார்ந்து, பட்டியலின் அடியில் தன் பெயரைச் சேர்த்தார். மனிதர்களுக்கான கண்ணாடியைக் கழற்றித் திரைக்கான கண்ணாடியைப் போட்டார். அம்புக்குறியைத் தன் பெயருக்கு மேல் கொண்டுவந்தார். அழுத்தினார். கிழட்டுக் கணினி முனகிக்கொண்டே நெடுநேரம் அச்சு வெட்டியது. பிறகு பக்கம் வந்தது, தெளிவான தமிழில்: கடலில் காலமான அங்கத்தவர் ராசமலர்.

ஒருவரும் கைதட்டவில்லை. "அல்லாவே" என்றார் அன்ஸார்.

ஐஸ் ஆலை வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. போன மாதம் நானே போய் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன், பல் கூசியது. ராசமலரும் சுகமாக இருக்கிறார். நேற்றுக்கூட என்னைப் போட்டோப் பிரதிக்கு அரைமணி நேரம் காக்கவைத்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பக்கத்தைச் சேமிப்பதற்கு முந்திய நிமிடத்தைப் பற்றி.

பக்கத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கொடுப்பனவைப் பெறும் வாரிசு, அவருடைய உறவுமுறை. அவை வெறுமையாக இருந்தால் பக்கம் சேமிக்காது என்று விதி எழுதியவரே ராசமலர்தான். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை. கலியாணமும் செய்யவில்லை. விசைப்பலகையின் மேல் விரல்களை வைத்தார். பிறகு வாரிசு என்ற கட்டத்தில் 'அன்ஸார்' என்று அடித்தார்.

அன்ஸாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கணக்காய்வாளருக்குக் கேட்காமல், "மற்றதில தொழில் பங்காளர் எண்டு போடுங்க அக்கா, இல்லாட்டி கேள்வி கேப்பாங்க" என்று முணுமுணுத்தார்.

ராசமலர் திரும்பிப் பார்க்கவில்லை. உறவுமுறை என்ற கட்டத்தில் 'தம்பி' என்று அடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.